முதல் ஐந்து நிமிடத் தண்ணீர்

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள், வேண்டாம் என்றேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள் மேடம். இது பழைய கட்டடம். நேற்றும் முந்தாநாளும் விடுமுறை. அந்த மூலைக் குழாயை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். தொழில் புத்தி, வேறொன்றுமில்லை. டீயே போதும் என்று சொன்னேன். டீயையும் அதே தண்ணீரில்தான் போட்டிருப்பார்கள் என்பது பாதி குடித்த பிறகுதான் உறைத்தது. என் புத்திசாலித்தனம் எப்போதும் இப்படிப் பாதி டம்ளருக்குப் பிறகுதான் வரும்.

வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள வசதியாக வரிசையாகவே சொல்கிறேன். நகரத் தண்ணீர் வாரியத்தில் இருபத்தொன்பது வருஷமாகத் தரப் பொறியாளர். வீடுகளுக்குப் போகும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று சோதித்து, தகுந்ததுதான் என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. இரண்டாவது பாதியில் நான் கெட்டிக்காரன் என்பது இந்த வழக்கைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். வயது ஐம்பத்தாறு. தனி ஆள். மனைவி போய் ஒன்பது வருஷமாகிறது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு தங்கை, தங்கையின் மகள், அந்த மகளுக்கு ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மொட்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது சொல்வார்கள். வாரியத்தில் புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு நெறிமுறை வகுப்பு எடுப்பதும் நான்தான். வருஷத்துக்கு ஒரு மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் நாகரிகமாகத் தூங்குவார்கள். உங்கள் வேலையில் ஒரு பிழையை நீங்களே கண்டுபிடித்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்பேன். மேலதிகாரியிடம் என்பார்கள். இல்லை, அதை முதலில் குடிக்கப் போகிறவரிடம் என்பேன். கை தட்டுவார்கள். தட்டிய சத்தத்தில் தூங்கினவர்களும் விழித்துக்கொள்வார்கள்.

திட்டத்துக்கு வருகிறேன். மூன்று வருஷம் மழை சரியில்லை, நீர்த்தேக்கத்தில் அடிச் சேறு தெரிந்தது. நகரத்தின் தண்ணீர்ச் செலவை இரண்டு வருஷத்தில் முப்பது சதவீதம் குறைப்பது என்று முடிவானது. குறைத்துக் காட்டினால் வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்த்து, 'நீடித்த நகரம்' என்று பட்டம் தரும். நம் திட்டத்தைப் பார்த்து இன்னும் முப்பது நகரங்கள் இதையே செய்யும். நான் வடிவமைத்தது ஒரு சிக்கன வளையம். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், ஒவ்வொரு குழாய்க்குள்ளும் அதைப் பொருத்தினோம். தண்ணீர் பாதி வேகத்தில் வரும். கூடவே, ஆள் நடமாட்டமில்லாத நேரங்களில் அழுத்தத்தைக் குறைத்தோம். ஒரு சொட்டும் வீணாக வேண்டாம் என்று சுவரெல்லாம் படம் ஒட்டினோம். அதில் ஒரு சொட்டைப் பிடித்திருக்கும் இரண்டு விரல்கள் என்னுடையவை. என் தங்கை அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாள். விரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டாளாம்.

திட்டம் நன்றாகவே ஓடியது. சேமிப்பு முப்பத்தொன்று புள்ளி இரண்டு சதவீதம். நீர்த்தேக்கத்தில் சேறு மறைந்தது. அதில் நான் பெருமைப்பட்டது பொய்யில்லை.

நகரத்தின் பழைய பகுதியில் பதினோரு தெருக்கள் இருக்கின்றன. அங்கே தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குள் போகும் கிளைக் குழாய்கள் காரீயத்தால் ஆனவை. பழைய பேட்டரியை உடைத்தால் உள்ளே இருக்குமே, அதே உலோகம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை. தேங்கி நின்றால் காரீயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முன்பெல்லாம் மக்கள் ஊதாரித்தனமாகக் குழாயைத் திறந்துவிட்டார்கள், அதனால் அது தேங்க நேரமில்லை. நாங்கள் சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்தோம். தண்ணீர் குழாய்க்குள்ளேயே மணிக்கணக்கில் உட்கார்ந்தது. விடிந்ததும் எவர் முதலில் குழாயைத் திறக்கிறாரோ அவருக்கு அது மொத்தமாக வந்து சேர்ந்தது.

வாரியம் அறுபது வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கும். முந்தின நாளே ஒரு காலிப் புட்டியும் ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்துவிடுவோம். காலையில் வேறெந்தக் குழாயையும் தொடாமல், வருகிற முதல் தண்ணீரைப் புட்டியில் பிடித்து வைக்க வேண்டும். வளையம் பொருத்திய பிறகு நடந்த முதல் சோதனையில் அறுபதில் இருபத்துமூன்று புட்டிகள் வரம்பைத் தாண்டியிருந்தன. ஆறுக்கு மேல் தாண்டினாலே ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

நான் அறிவிக்கவில்லை. இந்தச் சோதனையில் முறைப் பிழை என்று எழுதி, மறுசோதனைக்கு உத்தரவிட்டேன். துண்டுச் சீட்டை மட்டும் புதிதாக அச்சடித்தேன். அதில் ஒரு வரி கூடியிருந்தது. 'புட்டியை நிரப்பும் முன் குழாயை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிடவும்.' தேங்கிய தண்ணீர் போய், தெருக் குழாயின் நல்ல தண்ணீர் வந்துவிடும். மறுசோதனையில் இரண்டே இரண்டு புட்டிகள்தான் தாண்டின.

ஒரு சொட்டும் வீணாக வேண்டாம் என்று சுவருக்குச் சுவர் எழுதிய ஊரில், அறுபது வீட்டார் ஐந்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்கள். ஒரே ஒரு முதியவர் மட்டும் போன் செய்து, வீணாகாதா தம்பி என்று கேட்டார். ஆய்வுக்காகத்தான் ஐயா என்றேன். அப்படியானால் சரி என்று வைத்துவிட்டார். இன்ஜினியர் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் மேடம். அது ஒரு பாரம்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு அம்மா இருக்கிறார். வாரியம் முழுக்க அவரை லேப் அக்கா என்றுதான் கூப்பிடும். உங்களுக்குக் கடிதம் எழுதியவர் அவர்தான். மறுசோதனை முடிவுகளை என் மேஜையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"என்ன சார், போன தடவை இருபத்துமூணு, இந்தத் தடவை ரெண்டு. தண்ணிக்குத் திடீர்னு புத்தி வந்துடுச்சா?"

"மாதிரி எடுக்கிற முறையைச் சரி பண்ணியிருக்கேன்."

"முறை சரியாச்சு. தண்ணி சரியாச்சான்னு கேட்டேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தலைமைப் பொறியாளர் மட்டும் நன்றாகச் சிரித்தார். அவருக்குப் 'பசுமை சார்' என்று பட்டப் பெயர். நல்ல செய்தியா இருந்தா எழுத்துல கொடுங்க, இல்லேன்னா டீ குடிக்கும்போது சொல்லுங்க என்பார். நான் எழுத்தில் கொடுத்தேன். டீ குடிக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அவரை இதில் சேர்க்க வேண்டாம். இதைச் செய்தது நான் ஒருவன்தான்.

ஏன் செய்தேன் என்று நிதானமாகவே யோசித்துப் பார்த்திருக்கிறேன். அறிவித்தால் பீதி வரும், வளையத்தைப் பிடுங்கி எறிவார்கள், அடுத்த கோடையில் நீர்த்தேக்கம் வறண்டுவிடும். நான்கு லட்சம் பேரின் தாகம் ஒரு பக்கம், பதினோரு தெருக்கள் இன்னொரு பக்கம். அந்தக் குழாய்களையும் நான் மறந்துவிடவில்லை. எட்டு வருஷத்தில் மாற்றிவிடலாம் என்று ஒரு திட்ட வரைவு எழுதி வைத்திருந்தேன். பட்டம் கிடைத்த மறுநாள் மேலே அனுப்புவதாக இருந்தேன்.

இடைப்பட்ட காலத்தில் என் வீட்டில் தினமும் காலையில் ஐந்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டு அப்புறம்தான் குடிப்பேன். என் வீடும் பழைய பகுதியில்தான். என் வயதுக்காரர்களைக் காரீயம் அவ்வளவாக ஒன்றும் செய்யாது. வளரும் குழந்தைகளின் மூளையைத்தான் அது தேடிப்போகும். அது தெரிந்தும் திறந்துவிட்டேன். பழக்கம் வந்துவிட்டது. சிக்கனத்தில் எந்த வீடு முதலிடம் என்று மாதாமாதம் தெருமுனையில் பட்டியல் ஒட்டுவோம். எங்கள் தெருவில் நான் கடைசி. மீட்டர் பார்க்க வருகிறவன், "உள்ள யானை ஏதாவது குளிக்குதா சார்?" என்று எட்டிப் பார்த்தான்.

தங்கை வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. முதல் சோதனை நடந்தபோது மொட்டுக்கு நான்கு மாதம். அவள் அம்மா வேலைக்குத் திரும்பியிருந்தாள், அதனால் புட்டிப் பால். பவுடரைக் கலக்கத் தண்ணீர் வேண்டும். விடிந்ததும் முதல் வேலையாகத் தங்கை அடுப்படிக் குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரைத்தான் பிடிப்பாள். எனக்கு அது தெரியும்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை மேடம். மறுநாளே காலை நடையை அவள் வீட்டுப் பக்கம் மாற்றிக்கொண்டேன். அவள் எழுந்து கதவைத் திறக்கும்போதே உள்ளே நுழைந்து, நேராக அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்து முகம் கழுவுவேன். ஐந்து நிமிடம் முகம் கழுவுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். முதல் நிமிடத்துக்கு மேல் கழுவுவதற்கு முகம் இருக்காது.

"வாக்கிங் வந்தா நடந்துட்டுப் போக வேண்டியதுதானே அண்ணா. மூஞ்சி கழுவ என் வீட்டுக் குழாய்தான் கிடைச்சுதா?"

"வேர்த்துடுச்சு."

"அதுக்கு அஞ்சு நிமிஷமா? அப்படி என்ன அழகு கொட்டிக் கிடக்கு அந்த மூஞ்சியில?"

அவள் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "விடும்மா. மாமா இன்னொரு கல்யாணத்துக்கு ரெடி ஆகுறாரு போல."

மொட்டும் சிரித்தாள். பல் இல்லாத சிரிப்பு. நானும் சிரித்தேன், குழாயை மூடவில்லை.

மூன்றாவது வாரம் தங்கை ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து குழாய்க்கு அடியில் வைத்தாள். தெருச் சிக்கனக் குழுவுக்கு அவள்தான் செயலாளர். அண்ணன் போட்ட திட்டம் என்பதால் தானாகப் போய்ச் சேர்ந்தவள். "நீ கை வைக்கிறதுக்கு முன்னாடி வர்ற சுத்தமான தண்ணியை இதுல பிடிச்சுக்கறேன். மொட்டுக்குப் பால் கலக்க ஆச்சு. அப்புறம் நீ ஆசை தீரக் கழுவு" என்றாள்.

அதாவது அதுவரை என் முகத்தில் பட்டு வடிந்துபோன தேங்கிய தண்ணீர், இப்போது முதல் சொட்டிலிருந்து முழுதாக அந்தப் பாத்திரத்துக்குள் போனது. குழந்தைக்கு என்பதால் பத்து நிமிடம் கொதிக்க வைப்பாள். கொதித்தால் கிருமி சாகும். காரீயம் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற, மிச்சத்தில் அதன் அளவு கூடும்.

செடிக்கு ஊற்றேன் என்றேன். செடிக்கு அலசின தண்ணீர் போதும் என்றாள். ஒருநாள் என் கை பட்டு அந்தப் பாத்திரம் கவிழ்ந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி கவிழ்ந்தது. மூன்றாவது முறை கவிழ்ந்ததும் பாத்திரத்தை என் கைக்கு எட்டாத அலமாரித் தட்டுக்கு ஏற்றிவிட்டு, உனக்குக் கண் சரியில்லை என்று சொல்லி என்னைக் கண் டாக்டரிடம் அனுப்பினாள். போனேன். நிஜமாகவே குறை இருந்தது. நான் இப்போது போட்டிருப்பது அந்தக் கண்ணாடிதான்.

கடையில் கேன் தண்ணீர் இரண்டு வாங்கிப் போனேன். வாசலிலேயே மறித்தாள். "தண்ணி வாரியத்து இன்ஜினியர் தங்கச்சி வீட்டுக்குக் கேன் தண்ணியா? தெருவே கைகொட்டிச் சிரிக்கும். எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நானே குடித்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். லேப் அக்காவும் கேட்டார். தங்கையிடம் ஒன்றைச் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. தெருவுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்ததுண்டு. ஒருமுறை, இந்தத் தண்ணியை என்று ஆரம்பித்தேவிட்டேன். என்ன இந்தத் தண்ணிக்கு என்று திரும்பினாள். அவளுக்குப் பின்னால் என் இரண்டு விரல்கள் சட்டத்துக்குள் தெரிந்தன. சூடு போதுமா பார் என்று முடித்தேன்.

அதன் பிறகு அந்தப் பக்கம் நடப்பதை நிறுத்திவிட்டேன். முழங்கால் வலி என்றேன். நான் போகாவிட்டால் பாத்திரம் வைக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அவளுக்கு அது பழகிவிட்டிருந்தது.

பன்னிரண்டாவது மாதத்தில் மொட்டு மூன்று வார்த்தைகள் பேசினாள். அம்மா, தா, மூன்றாவது ஏதோ பறவைக்கு அவளே வைத்த பெயர். என் தங்கை மகள் அவற்றைக் காலண்டரில் குறித்து வைத்தாள். பதினைந்தாவது மாதத்தில் பறவை போனது. அப்புறம் 'தா' போனது. குழந்தை பேசப் பேச வார்த்தை கூடும் என்றுதான் எல்லோரும் காத்திருப்பார்கள். அந்த வீட்டில் குறைந்துகொண்டே வந்தது. சோறு ஊட்டினால் துப்பினாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூப்பிட்டால், கூப்பிட்டவருக்குப் பின்னால் யாரோ நிற்பது போலப் பார்த்தாள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள்.

லேப் அக்கா என் அறைக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டியது அந்த வாரம்தான். புது மீட்டர்கள் நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்பவை. அது என் வீட்டு மீட்டரின் பதிவு. தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு ஒரு கோடு எழுந்து, ஐந்து நாற்பத்தைந்துக்கு விழுந்தது. நானூறு நாளுக்கு மேல், ஒருநாள் தவறாமல்.

"சீட்டுல நீங்க எழுதின அஞ்சு நிமிஷம்தானே சார் இது?"

காகிதத்தை மடித்து அவரிடமே நீட்டினேன்.

"தெரியாம பண்ணிட்டீங்கன்னுதான் இத்தனை நாளா என் மனசைத் தேத்திக்கிட்டேன்" என்றார். அழுகிற குரல் இல்லை, களைத்த குரல். "வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

பட்டம் தரும் குழு வர ஆறு வாரம் இருந்தது. அது வரைக்கும் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவீர்கள் என்று தெரியவில்லை. விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நீர்த்தேக்கம் வறண்டுவிடும் என்று முன்னே சொன்னேன் அல்லவா. அது முழுக்கச் சரியில்லை. வளையத்தைப் பிடுங்கவே வேண்டியதில்லை. காலையில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் குடியுங்கள் என்று அந்தப் பதினோரு தெருக்களுக்குச் சொல்லியிருந்தால் போதும். யாரும் தாகத்தில் செத்திருக்க மாட்டார்கள். அதையும் நான் அப்போதே கணக்கிட்டுப் பார்த்தேன். சேமிப்பு முப்பத்தொன்று புள்ளி இரண்டிலிருந்து இருபத்தொன்பது புள்ளி நான்குக்கு இறங்கும். பட்டத்துக்கு முப்பது வேண்டும். அந்தத் தாள் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. சோதனை செய்த அறுபது வீடுகளில் தங்கை வீடு நாற்பத்தோராவது. அவளுடைய முதல் புட்டி வரம்பைப் போலப் பதினொரு மடங்கு. அறுபதில் அதுதான் அதிகம். அந்த எண்ணை, பக்கத்தில் இருந்த விலாசத்தோடு படித்த பிறகுதான் புதுச் சீட்டுக்கு அந்த வரியை எழுதினேன். எழுதி முடித்து எழுத்துப் பிழை இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை தங்கை மகள் என் வீட்டுக்கு வந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு கையில் இருந்தது. எண்களைப் படிக்கத் தெரிந்த ஆள் குடும்பத்தில் நான்தானே. குழந்தை அவள் தோளில் கண்ணைத் திறந்தபடி சாய்ந்திருந்தாள். அப்போது மணி ஐந்து நாற்பத்திரண்டு.

"இந்த நம்பர் என்ன மாமா? கம்மியா, ஜாஸ்தியா?"

ஜாஸ்திதான் என்றேன். அவள் என் அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"குழாய் ஓடுது மாமா."

"ஓடட்டும்."

அவள் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆத்திரப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். முன்பு அவர்கள் வீட்டு அடுப்படியில் நான் ஐந்து நிமிடம் நின்றது, கவிழ்ந்த பாத்திரம், திருப்பி அனுப்பிய கேன், எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து போனதை நான் பார்த்தேன். கெட்டிக்காரப் பெண். சத்தமே போடாமல்தான் கேட்டாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

போன மாசம்தான் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை, நம்ப வேண்டும் என்று நினைத்தாள் என்பது மட்டும் தெரிந்தது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். வெள்ளிக்கிழமை லேப் அக்கா உங்களுக்கு எழுதிவிட்டார். நானாக எதையும் சொல்லவில்லை.

ஆகவே மறுப்பதற்கு ஒன்றுமில்லை. பதினான்கு மாதம் எல்லாம் தெரிந்தே செய்தேன். பதினோரு தெருக்களில் ஆறு வயதுக்குள் இருநூற்றுப் பதினாறு குழந்தைகள். அந்த எண்ணும் எனக்கு முதல் வாரமே தெரியும். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு விண்ணப்பம். இதன் நகல் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் போகும் என்றீர்கள். என் தங்கை மகளுக்குப் போகும் நகலில் மட்டும், பதினான்கு மாதம் என்ற இடத்தில் ஒரு மாதம் என்று போட முடியுமா. உண்மை தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள் மேடம். எனக்காகக் கேட்கவில்லை.